ஒரு சாண் பின்னால்

தணிகாசலம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு.

குருவின் பெயர் செண்பகவல்லி. எல்லோரும் அம்மை என்பார்கள். அவருக்கு மடம் கிடையாது. ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற ஒரு சக்கர வீடும்தான். அவருடைய குரு விட்டுப்போனவை. ஊர் ஊராகப் போவார். வீட்டைக் கழற்றி ஓரமாக நிறுத்துவார். கஞ்சி காய்ச்சி வந்தவர்களுக்கு ஊற்றுவார். யாராவது எதையாவது கேட்டால் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

தணிகாசலம் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். அதனால் கோப்பதும் கழற்றுவதும் அவர் பொறுப்பாயிற்று.

ஜீப்பின் பின்புறம் ஒரு இரும்புக் குண்டு. வீட்டின் மூக்கில் ஒரு இரும்புக் கிண்ணம். கிண்ணத்தைக் குண்டின் மேல் கவிழ்த்து, லீவரை அழுத்தி, லீவரில் பின்னைச் செருகி, அது நழுவாமல் அதில் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். பிறகு இரண்டு சங்கிலி, விளக்கு ஒயர். அம்மைக்கு ஐந்து நிமிட வேலை. தணிகாசலத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

மாட்டுவார். குனிந்து பார்ப்பார். போய் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். இறங்கி வந்து கிளிப்பைத் தொட்டுப் பார்ப்பார். மறுபடி போய் உட்காருவார். சாவியைத் திருகப் போன கை பாதியில் நின்றுவிடும். வண்டி கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி இறங்குவார். மழையாக இருந்தாலும் இறங்குவார்.

அம்மை அவசரப்படுத்தமாட்டார். ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் இப்படி என்பது அம்மைக்குத் தெரியும். சேர்ந்த அன்றைக்கே தணிகாசலம் சொல்லிவிட்டிருந்தார்.

பல வருடங்களுக்கு முன்பு அவர் கிணற்றுப் பாறை உடைக்கிற கம்ப்ரசர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டருக்குப் பின்னால் கம்ப்ரசர். ஒருநாள் சரிவில் இறங்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் கம்ப்ரசர் தனியாகக் கழன்று, அவரையே முந்திக்கொண்டு ஓடியது. கீழே டீக்கடை வாசலில் ஒரு தையல்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கோர்ட்டுல என்ன சொன்னாங்க?" என்று அம்மை கேட்டார்.

"பின்னு தேஞ்சு முறிஞ்சிருக்கு, டிரைவர் மேல தப்பில்லன்னு விட்டுட்டாங்கம்மா."

"அப்புறம் என்ன?"

"கோர்ட்டுக்கு என்னம்மா தெரியும்? அங்க இருந்தவன் நான்தான். அன்னைக்குக் காலையில கிளிப்பைக் கையில எடுத்தது ஞாபகம் இருக்கு. மாட்டினது ஞாபகம் இல்ல."

"மாட்டலைன்னு ஞாபகம் இருக்கா?"

"அதுவும் இல்ல."

அம்மை அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"தியானம் கியானம் பண்ணினா அது ஞாபகத்துக்கு வருமாம்மா? பதினோரு வருஷமாச்சு. விடுதலைன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி போன தூக்கம். மாட்டினேனா மாட்டலையா, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

"கஞ்சிக்கு அரிசி களைஞ்சு வையுங்க அண்ணே" என்றார் அம்மை.

அவ்வளவுதான். அதன்பிறகு ஒன்றரை வருடம் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் அவர்கள் குறிச்சிமேடு என்ற மலையூரில் இருந்தார்கள். நாலு நாளாக விடாத மழை. கீழே போகும் பாதையில் பாறை சரிந்து பாதி ரோட்டை அடைத்துவிட்டது. பஸ் நின்றுபோனது. போன் டவரும் படுத்துவிட்டது. இனி இங்கே அரிசி கிடைக்காது, மேலே இருக்கிற அடுத்த ஊருக்குப் போகலாம் என்றார் அம்மை. விடிந்ததும் தணிகாசலம் வீட்டை ஜீப்பில் கோத்தார். வழக்கம்போல ஏழெட்டு முறை பார்த்தார். ஜீப் மேட்டைப் பார்த்து நின்றது. வீடு அதன் பின்னால் சரிவில் தொங்கினாற்போல நின்றது.

கிளம்பப் போகிற நேரத்தில் நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் சடையன். இருபத்தைந்து வயது இருக்கும். கட்டிலில் அவன் மனைவி பூங்காவனம். விடியற்காலையில் வீட்டிலேயே பிரசவம் ஆகியிருந்தது. பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை.

"சாமி, வண்டி வேணும் சாமி. கால் எல்லாம் சில்லிட்டுப் போச்சு" என்றான் சடையன்.

அம்மை கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். போர்த்தியிருந்த கம்பளியின் கீழ்ப்பக்கம் கறுத்து நனைந்திருந்தது.

"அண்ணே, வீட்டைக் கழட்டுங்க. பாறை கிட்ட ஜீப் மட்டும்தான் நுழையும்."

தணிகாசலம் ஓடினார். ஒயரைப் பிடுங்கினார். சங்கிலிகளை அவிழ்த்தார். கிளிப்பையும் பின்னையும் உருவினார். லீவரைத் தூக்கினார். அது வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. வீட்டின் மூக்குக்குக் கீழே ஜாக்கி வைத்து ஏற்றினார். வீட்டோடு சேர்ந்து ஜீப்பின் பின்பக்கமும் மேலே எழுந்தது. இறக்கினார். சுத்தியலால் தட்டினார். கிண்ணம் குண்டைக் கவ்விய கவ்வு விடவில்லை.

காரணம் அவருக்குத் தெரியாததில்லை. சரிவில் நிற்கிற வீட்டின் கனம் முழுக்க அந்தக் குண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஜீப்பை ஒரு சாண் பின்னால் விட்டால் போதும். கனம் கட்டையில் இறங்கிவிடும். லீவர் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

ஆனால் பின்னால் விடுவது என்றால் வீட்டைச் சரிவில் தள்ளுவது. கட்டை நழுவினால் வீடு ஓடும். கீழே ஏழெட்டுக் குடிசைகள் இருந்தன.

கட்டைகளைக் கொண்டுவந்து சக்கரங்களுக்குக் கீழே செருகினார். காலால் உதைத்துப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர்களை வெளியே வரச் சொன்னார். வந்தார்கள். ஜீப்பில் ஏறினார். இறங்கினார். இடதுபக்கக் கட்டை கொஞ்சம் கோணலாக இருந்தது போலத் தோன்றியது. சரிசெய்தார். ஏறினார். வலதுபக்கத்தைப் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம். இறங்கினார். மண் ஈரமாக இருக்கிறதே, கட்டை வழுக்கினால்? ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து கட்டைக்கு முட்டுக் கொடுத்தார். இன்னொரு கல் தேடப் போனார்.

"பெரியவரே!" என்று சடையன் கத்தினான்.

"இதோ ஆச்சுப்பா, இதோ."

ஏறினார். ரிவர்ஸ் கியரில் கை வைத்தார். காதில் அந்தப் பழைய சத்தம் கேட்டது. இறங்கினார்.

எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. மழை சட்டைக்குள் இறங்கி ஓடியது. சடையன் வந்து அவர் காலில் விழுந்தான். அவனை எழுப்பிவிட்டு அவர் மறுபடியும் இடதுபக்கக் கட்டையைப் பார்க்கக் குனிந்தார்.

அப்போது ஜீப் உறுமியது. நிமிர்ந்து பார்த்தார். ஸ்டியரிங் முன்னால் அம்மை உட்கார்ந்திருந்தார். ஜீப் ஒரு சாண் பின்னால் வந்தது. வீட்டின் சக்கரம் கட்டையில் முட்டி நின்றது. கட்டை அசையவில்லை. கிண்ணத்துக்குள் டக்கென்று ஒரு சத்தம்.

"லீவரைத் தூக்குங்க" என்றார் அம்மை.

ஒரு விரலில் தூக்கிக்கொண்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜாக்கியில் மூக்கை ஏற்றி, ஜீப்பை விடுவித்து, பூங்காவனத்தைப் பின்னால் படுக்கவைத்தார்கள். சடையன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அம்மையே ஓட்டினார். பாறை சரிந்த இடத்தில் வெளிப்பக்கச் சக்கரம் பள்ளத்து விளிம்பை உரசிக்கொண்டு போனது. முன்னால் அம்மை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வழி முழுக்கச் சடையன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். முதலில் அவள் ம் என்றாள். அடிவாரம் வருவதற்கு முன்னால் அதுவும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சின்ன வயது டாக்டரம்மா வெளியே வந்து சடையனைத் தனியாகக் கூப்பிட்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்ததைத் தணிகாசலம் தூரத்திலிருந்து பார்த்தார்.

டாக்டரம்மா திரும்பி நடந்தபோது அவர் குறுக்கே போய் நின்றார்.

"முன்னாடியே வந்திருந்தாப் பொழச்சிருக்குமாம்மா?"

"எவ்வளவு முன்னாடி?"

"முக்கால் மணி நேரம்."

அவள் அவருடைய சேறு படிந்த கைகளைப் பார்த்தாள்.

"சொல்ல முடியாதுங்க ஐயா. பொழச்சிருக்கலாம். வரும்போதே ரத்தம் ரொம்பப் போயிருந்துச்சு. இல்லாமலும் போயிருக்கலாம்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

"தெரிஞ்சாச் சொல்லமாட்டேனா?" என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் அம்மை நின்றிருந்தார். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தணிகாசலம் வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்க அண்ணே."

"அன்னைக்குப் பார்க்காம விட்டேனோ என்னவோ, ஒரு உயிர் போச்சு. இன்னைக்குப் பார்த்துப் பார்த்தே இன்னொண்ணு போச்சு."

"அதனாலதான் போச்சுன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"சொல்லல. தெரியாதாம். அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. எது என்னாலன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அம்மை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விரல் நடுவில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எனக்கு அந்தக் கொக்கி பத்து வருஷப் பழக்கம். லீவர் வரலைன்னதுமே என்ன செய்யணும்னு தெரியும். எழுந்து வந்து செஞ்சிருக்கலாம்."

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தீங்க."

"அவ பக்கத்துல யார் வேணும்னாலும் இருந்திருக்கலாம். நீங்களே அந்தப் பயத்தைத் தாண்டி வந்துருவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு."

தணிகாசலம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இந்த ஒன்றரை வருடத்தில் அம்மையின் முகம் அப்படி இருந்து அவர் பார்த்ததில்லை. நாற்பதைத் தொடாத ஒரு பெண்ணின் முகமாக இருந்தது.

"சீடனுக்கு நல்லதாகட்டும்னு உக்காந்திருந்தேன் அண்ணே. கட்டில்ல இருந்தவ என் சீடப்பொண்ணு இல்ல. காத்திருக்கட்டுமான்னு அவகிட்ட நான் கேக்கல."

அப்படியெல்லாம் இல்லம்மா என்று தணிகாசலம் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

சடையன் கொட்டகைக்கு வந்தான். துண்டைப் பிழிந்து தோளில் போட்டிருந்தான். கண் எங்கும் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரி வண்டி பாறை வரைக்கும்தான் வருமாம். அதுக்கப்புறம் தூக்கிட்டு நடக்கணுமாம். கூட வந்தவங்கல்லாம் மேலேயே நின்னுட்டாங்க. ஒத்தையா எப்படித் தூக்கறது?" அவன் யாரிடம் கேட்கிறான் என்று தெரியவில்லை. "புள்ள வேற அங்க இருக்கு. எங்க அண்ணி பால் குடுக்குது. இன்னும் சொல்லல."

அவன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தான். மேகம் மூடி மலை தெரியவில்லை.

அம்மை ஜீப் சாவியைத் தணிகாசலத்திடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நான் எப்படிம்மா?" என்றார் மெதுவாக, சடையன் காதில் விழாதபடி. "அவன் என் கால்ல விழுந்தவன். எந்த முகத்தோட அவனை ஏத்திக்கறது? எது என்னால போச்சு, எது இல்லன்னு தெரிஞ்சாத்தானே…"

"எது தெரிஞ்சா அந்தத் தம்பியை இங்கேயே விட்டுட்டுப் போவீங்க அண்ணே?" என்று கேட்டார் அம்மை.