முதலாளியின் கண்

மில் முதலாளி ரங்கபூபதி கோயம்புத்தூரில் ஒரு கேமராக் கடைக்குள் நுழைந்தார். கோயில் மாட்டுக்குக் கட்டிய மணி போல அவர் கழுத்தில் பழைய கேமரா ஆடியது. பின்னால் பையும் ஸ்டாண்டும் சுமந்துகொண்டு டிரைவர் மாசிலாமணி வந்தார்.

கடையில் விற்பனையாளராக நின்ற எஸ்தரை முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, மலையும் எடுக்கணும், கிளையில உக்காந்த மீன்கொத்தியும் எடுக்கணும். என் கண்ணுக்குத் தக்க கேமராவா அஞ்சு நிமிஷத்துல எடுத்து வை. தப்பாக் காட்டினா நாளைக்கு நீ இங்க நிக்க மாட்டே. உங்க ஓனர் என் சிநேகிதன்." போன வாரம் இதே கேமராவில் தான் எடுத்த இருவாச்சிப் பறவைப் படத்துக்குத்தான் போட்டோ கிளப்பில் முதல் பரிசு என்றும் அளந்தார்.

எஸ்தர் பழைய கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். "இதுல பார்த்துச் சொல்லுங்க சார், தெளிவாத் தெரியுதா?"

முதலாளி கண்ணை வைத்தார். "ஒரே மூட்டம். கெட்டுப்போச்சு. அதனாலதான் புதுசு கேக்கறேன்."

"டிரைவரண்ணா, நீங்க பாருங்க."

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழகிய கையால் கேமராவை ஏந்தினார். "எதிர்க்கடை போர்டுல போன் நம்பர்கூடத் தெரியுதுங்க" என்று உளறிவிட்டார்.

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த சின்னச் சக்கரத்தை எஸ்தர் தொட்டுக் காட்டினாள். "படம் எடுக்கறவங்க அவங்க பார்வைக்குத் தக்கபடி இதைத் திருப்பி வெச்சுக்குவாங்க சார். இது அண்ணன் கண்ணுக்கு வெச்சிருக்கு. புதுக் கேமராவை அவருக்கே பார்த்துத் தர்றேன். உங்களுக்கு நல்ல பெல்ட்டா ஒண்ணு தர்றேன், கழுத்துல மாட்டிக்கங்க."