ஒட்டிய தோல்

"துரைக்கண்ணுவை மடத்திலிருந்து அனுப்பிவிடுங்கள், சுவாமி," என்றார் கலியபெருமாள்.

அவர் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். இளைய சீடர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

குரு காரணம் கேட்டார்.

வந்த புதிதில் மனனம் செய்த சில பாடல்களையே துரைக்கண்ணு இன்னும் ஒப்பிக்கிறான் என்றும், புதிதாக எதுவும் அவனுக்குள் இறங்குவதில்லை என்றும் கலியபெருமாள் விளக்கினார். அன்று காலைப் பந்தியில், எல்லோர் முன்னிலையிலும், அவனை 'ஹைட்பவுண்ட்' என்று சொன்னதையும் மறைக்கவில்லை. சிலர் சிரித்திருக்கிறார்கள். பொருள் தெரியாமல் அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

"அவனுக்குப் போக வேறிடம் இல்லையே," என்றார் குரு.

"தெரியும், சுவாமி."

"அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

"பழகியதை விட்டு அசையாத, குறுகிய மனம்."

"மனத்தைக் குறிப்பதற்கு முன்னால்?"

கலியபெருமாளின் முகம் மலர்ந்தது. சொல்லின் வேரை அந்த மடத்தில் எவரும் அவரிடம் கேட்டதில்லை.

"மாட்டைக் குறித்தது, சுவாமி. ஹைட் என்பது தோல். பவுண்ட் என்றால் கட்டுண்டது. விலாவெலும்போடு தோல் ஒட்டிப்போன மாடு. விரலால் பிடித்து இழுத்தாலும் அந்தத் தோல் எழும்பாது."

"ஏன் ஒட்டுகிறது?"

"தீனி இல்லாமல்தான்."

"அது மாட்டின் குற்றமா?"

"கட்டிப்போட்ட மாடு என்ன செய்யும், சுவாமி? போடவேண்டியவன் வேளைக்குப் போட்டிருந்தால்..."

அவர் நிறுத்திக்கொண்டார்.



பாட நேரத்தில் துரைக்கண்ணுவைப் பாத்திரம் துலக்க அனுப்பிவந்தவர் கலியபெருமாள்தான். அவன் மெதுவாகப் புரிந்துகொள்பவன். அவனால் மற்றவர்களின் வேகம் கெடுகிறது என்பது அவர் கணிப்பு.

"அனுப்பிவிடலாம்," என்றார் குரு. "காரணத்தை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்."

கலியபெருமாள் கிணற்றடிக்குப் போனார். அவரைக் கண்டதும் துரைக்கண்ணு சாம்பல் கையோடு எழுந்து நின்றான்.

"ஐயா, காலையில் என்னை ஏதோ இங்கிலீஷில் சொன்னீர்களே. நல்ல சொல்தானே?"

கலியபெருமாள் அவன் முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

"அது உன்னைப் பற்றிய சொல் இல்லை, தம்பி," என்றார்.