பட்டுக்குள் இருந்த முதற்சுவடி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, தமிழ் பேசும் நாடொன்றைச் சுந்தரகேசரி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் மூக்கின்மேல் இருக்கும், பெருமை தலைக்குமேல் இருக்கும். அவருடைய அவையில் ஆவுடையான் என்ற விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் அவை சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அவைப் புலவர்களின் தலைவரான குழைக்காதருக்கு மட்டும் வயிறு எரியும்.

அந்த அரண்மனையில் ஒரு சுவடி இருந்தது. நாட்டிலேயே மூத்த தமிழ் நூல் என்பதால் அதற்கு முதற்சுவடி என்று பெயர். சரஸ்வதி பூஜை அன்று அதைப் பீடத்தில் வைத்து, சந்தனம் தெளித்து, அரசரே தம் கையால் புதுப்பட்டுச் சுற்றிக் கட்டுவார். பூஜையில் வைத்த ஏட்டை அன்று யாரும் படிக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமியில் எடுத்து ஒரு வரியாவது படித்தாக வேண்டும். ஊரெல்லாம் இதுதான் வழக்கம். அரண்மனையில் மட்டும் அந்த மறுநாள் வேலையைக் குழைக்காதர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்வார். வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆகா, என்ன தமிழ், என்ன தமிழ்" என்பார். அவர் சுவையில் உருகிவிட்டார் என்று அரசரும் சால்வை போர்த்துவார்.

ஆவுடையானுக்கு அந்த நூலைக் கேட்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒரு பாட்டாவது சொல்லுங்கள் என்று குழைக்காதரிடம் கெஞ்சியிருக்கிறான். விகடம் பேசும் காதுக்கு அது ஏறாது என்று அவர் விரட்டிவிட்டார்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு, கடல் கடந்த நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், கொஞ்சம் கர்வமாகவும் பேசுவார். தங்கள் நாட்டில் ஒரு கல்தூண் நிற்கிறது, அதிலுள்ள எழுத்தின் வயதை யாராலும் சொல்ல முடியாது என்று பெருமையடித்துக்கொண்டவர், "தமிழும் பழமையானது என்கிறீர்கள். காட்டுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுவைத்தார்.

அரசருக்குச் சுருக்கென்றது. நாளைக் காலை இதே அவையில் முதற்சுவடியை அவிழ்த்து, எல்லோர் காதும் குளிரப் படித்துக்காட்டுவோம் என்று அறிவித்துவிட்டார்.

குழைக்காதர் முகத்தில் ஈயாடவில்லை. பீடத்துக்கு அடியில் ஆண்டுதோறும் மாவு போல ஏதோ உதிர்ந்து கிடப்பதும், யாரும் பார்க்குமுன் அதைத் துண்டால் துடைத்துவிடுவதும் அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. ஆனால் ஆள் கெட்டிக்காரர். சட்டென்று எழுந்து கைகூப்பி, தாம் படித்தால் தலைவர் தம் புலமையைக் காட்டுகிறார் என்று தூதர் நினைக்கக்கூடும், சாதாரணமானவன் ஒருவன் படித்தால்தான் தமிழின் பெருமை விளங்கும், ஆவுடையானே படிக்கட்டும் என்றார்.

அரசர் ஆவுடையான் பக்கம் திரும்பினார். "உள்ளே இருப்பதை ஓர் எழுத்து விடாமல், ஓர் எழுத்துச் சேர்க்காமல் படிக்க வேண்டும். அந்த நூலுக்கு உன் கையால் ஒரு தீங்கு நேர்ந்தாலும் உன் தலை உன்னுடையது அல்ல."

பைத்தியக்காரன், அவனுக்குத் தலையைப் பற்றிக் கவலையே வரவில்லை. எவ்வளவு நாள் ஆசை! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனான்.

மறுநாள் அவை நிரம்பி வழிந்தது. ஆவுடையான் குளித்து, நீறு பூசி, சுவடியைக் கையில் எடுத்தான். எடுத்ததும் அவனுக்குத் திக்கென்றது. பார்க்கப் பலாப்பழம் மாதிரி இருந்த கட்டு, கையில் பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது.

முந்தின நாள் அரசர் கட்டிய பட்டை அவிழ்த்தான். அதற்குள் போன ஆண்டுப் பட்டு இருந்தது. அதற்குள் அதற்கும் முந்தையது. அவிழ்க்க அவிழ்க்கப் பட்டு வந்துகொண்டே இருந்தது. பிறகு அரசருடைய தந்தையாரின் அன்னப்பொறி போட்ட பட்டுகள் வந்தன. கடைசியாக, பாட்டனாரின் தாமரைப்பொறி போட்ட பட்டு ஒன்று. அதன் முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. விரலுக்கு அசையாததால் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

உள்ளேயிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது.

பூச்சியும் கரையானும் அரித்த தூள். மேலும் கீழுமாக இரண்டு கட்டைச் சட்டங்கள். நடுவே ஏடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஆவுடையான் கேட்க ஆசைப்பட்ட அத்தனை பாட்டும் அவன் காலடியில் தூளாகக் கிடந்தன. அவனுக்கு அழுகை வந்தது.

முதலில் குரல் எழுப்பியவர் குழைக்காதர்தான். "அரசே, சென்ற விஜயதசமியில்கூட நான் படித்த நூல். இந்தப் பாவியின் கைபட்டதும் பொடிந்துவிட்டது."

அரசர் எழுந்துவிட்டார். கை வாளுக்குப் போனது. ஆவுடையான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினான்.

"ஒரு சொல், அரசே. இது தங்கள் பாட்டனார் கட்டிய பட்டு. இதன் முடிச்சை நான் பல்லால் கடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். இதற்குமேல் தங்கள் தந்தையார் கட்டினார், அதற்குமேல் தாங்கள் கட்டினீர்கள். பாட்டனார் முடிச்சு அவிழாமல் இருக்கும்போது, புலவர் பெருமான் உள்ளே எதைப் படித்தார்?"

குழைக்காதர் இரண்டடி பின்வாங்கினார். அரசரோ அவரைப் பார்க்கவில்லை. தரையில் குவிந்து கிடந்த தம்முடைய பட்டுகளையே பார்த்தார். ஆண்டுக்கு ஒன்றாகத் தாமே ஆசையாகக் கட்டியவை. பூஜையில் வைக்கத் தெரிந்த மூன்று தலைமுறைக்கு எடுத்துப் படிக்கத் தோன்றவில்லை என்பது உறைத்தபோது, அவர் ஆசனத்தில் அமர்ந்துவிட்டார்.

குழைக்காதர் கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். "எது எப்படியானாலும் அரச ஆணை ஆணைதான். உள்ளே இருப்பதை இவன் படித்தாக வேண்டும். தூதர் காத்திருக்கிறார்."

அதுவும் சரிதான். தூதர் முன்னால் கொடுத்த ஆணையை எப்படித் திரும்பப் பெறுவது? ஆவுடையான் மறுபேச்சுப் பேசாமல் தரையில் உட்கார்ந்தான். அரிசியில் கல் பொறுக்குவது போல அந்தத் தூளை விரலால் அளைந்தான். நகத்தளவு ஓலைத்துணுக்கு ஒன்று அகப்பட்டது. ஊதினான். வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு எழுந்து நின்று, அவை முழுதும் கேட்கும்படி உரக்கப் படித்தான்.

"மழை உண்டோ?"

வாசலில் வேலோடு நின்ற காவலன் பெத்தானுக்கு உள்ளே நடந்த கூத்து ஒன்றும் தெரியாது. யாரோ தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே பதில் சொன்னான். "இன்னும் இல்லீங்க மகாராசா. மேக்கால கருத்துக்கிட்டுதான் நிக்குது, எறங்கக் காணோம்."

அவை திகைத்துப்போயிற்று. படித்த ஆவுடையானுக்கே உடம்பு சிலிர்த்தது.

அவன் தூதர் பக்கம் திரும்பி, உங்கள் தூணில் உள்ளதைப் படித்தால் உங்கள் வாயிற்காவலர் என்ன பதில் சொல்வார் என்று பணிவாகக் கேட்டான். தூதர் கர்வக்காரர்தான், பொய்யர் அல்லர். "அதைப் படிக்கவே எங்கள் நாட்டில் ஆளில்லை" என்று மெல்லச் சொன்னார்.

"அரசே, உள்ளே இருந்ததைப் படித்துவிட்டேன். ஓர் எழுத்து விடவில்லை, ஓர் எழுத்துச் சேர்க்கவில்லை. கேட்டவர் யாரோ, எந்தக் காலமோ. கேட்டவரும் மண்ணாகிவிட்டார், ஏடும் மண்ணாகிவிட்டது. ஆனால் பெத்தானுக்கு அது இன்று காலையில் கேட்ட கேள்வி. இதைவிட மூத்த சாட்சி என்னிடம் இல்லை."

அரசர் முதலில் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தார்கள். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலும் நீர் இருந்தது. தரையில் கிடந்த பட்டு அத்தனையையும் ஆவுடையானுக்கே பரிசாகக் கொடுத்தார். கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றிப் போட்டார். குழைக்காதருக்கும் பரிசு உண்டு: ஓர் எழுத்தாணியும் கட்டுக்கட்டாகப் புது ஓலையும். அரண்மனை ஏட்டுச்சாலையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சுவடியையும் அவிழ்த்துப் படித்து, அவர் தம் கையாலேயே படியெடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்கும் வேலையை ஆவுடையான் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அன்று பிற்பகல் இருவரும் அங்கே ஒரு சுவடியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பெத்தான் நனைந்த தலையோடு ஓடிவந்தான். காலையில் மகாராசா கேட்டாரே, மழை வந்துவிட்டது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றான். ஆவுடையான் அந்த ஓலைத்துணுக்கை வெளியே எடுத்துப் போய், தூவானம் படாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "உண்டு" என்று அதனிடம் சொன்னான்.