உடும்பின் பிடியும் காடையின் முட்டையும்

ஒரு காட்டில் ஓர் உடும்பும் ஒரு காடையும் ஜோடி சேர்ந்து பிக்கிள்பால் ஆடின. உடும்பு முட்டை தின்கிற இனம். காடை முட்டை இடுகிற இனம். "நல்ல பொருத்தம் போ!" என்று காடே சிரித்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நாம் கதைக்கு வருவோம்.

குளத்தங்கரைப் புல்வெளியில்தான் ஆடுகளம். நடுவில் தாழ்வாக ஒரு வலை, கையில் ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட லேசான பந்து. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு பட்டை இடம் உண்டு. அதற்குக் கிச்சன் என்று பேர். அங்கே சோறும் கிடையாது, குழம்பும் கிடையாது! அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. அதனால் எதிராளியின் கிச்சனில் பந்தை மெதுவாக விழவைக்கிறவர்தான் கெட்டிக்காரர்.

நம் உடும்புக்கு அந்த மெதுவே வராது! தட்டினால் போதும், பந்து விர்ரென்று பறக்கும். கோட்டைத் தாண்டும். குளத்தில் தொபுக்கென்று விழும்.

"எங்க தலை என்ன உங்க ஆடுகளமா?" என்று தவளைகள் கத்தும்.

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உடும்புக்குச் சிரிப்பு வரவில்லை. கோடை ஆட்டத்தில் தோற்கிற ஜோடியைப் பிரித்துவிடுவது அந்தக் காட்டு வழக்கம். காடைக்கு வேறு ஜோடி கிடைக்கும். உடும்பை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதன் தலை தெரிந்தாலே பறவைகள் ஊரைக் கூட்டும். அது முட்டையைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, கரையானும் நண்டுமே அதற்குப் போதும். யார் நம்புகிறார்கள்? "ஆட வர்றியா அக்கா?" என்று அதைப் பார்த்துக் கேட்ட ஒரே ஜீவன் காடைதான். அந்த ஒரு துணையும் போய்விடுமே என்று உடும்புக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆகவே அது மாஸ்டரைத் தேடிப் போனது. அந்தக் காட்டில் மாஸ்டர்களுக்கா பஞ்சம்! இன்று ஒரு ஆட்டம் ஜெயித்தால் நாளைக்கு மாஸ்டர். ஆடுகிறவர்களைவிட ஆடச் சொல்லித் தருகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

முதலில் மயிலிடம் போனது.

"என்னைப் பார்! நெஞ்சை நிமிர்த்து! தோகையை விரி! அப்புறம் அடி!" என்றது மயில்.

"மாஸ்டர், எனக்குத் தோகையே இல்லையே!"

"அது உன் குறை! நான் என்ன செய்ய?"

அடுத்துக் குரங்கிடம் போனது.

"தாவு! தாவிக்கிட்டே அடி! பார், இப்படி!" என்று குரங்கு அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டது. உடும்பும் தாவியது. வயிறு தரையில் அடித்து விழுந்தது. குரங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சரி சரி, எழுந்திரு! உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் நல்லா இருக்கு. அந்தப் பிடி! உடும்புப் பிடின்னு சும்மாவா சொன்னாங்க! இன்னும் இறுக்கிப் பிடி!"

மயிலும் அதையே சொல்லியிருந்தது. பாவம், உடும்பு என்ன செய்யும்? இன்னும் இறுக்கிப் பிடித்தது. மட்டையில் நகம் பதிந்தது. பந்து இன்னும் தூரம் போனது. தவளைகள் வீட்டை மாற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கே போய்விட்டன.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை. உடும்பு மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"காடைக் கண்ணு, நீ வேற நல்ல ஜோடியாப் பார்த்துக்கோ. என்னால உனக்குத்தான் கெட்ட பேரு."

"சும்மா இரு அக்கா! தோத்தா தோத்துட்டுப் போறோம், அதுக்காக இப்பவே அழணுமா?" என்றது காடை. சொல்லிவிட்டு, கிடந்த மட்டையை உடும்பின் பக்கம் தள்ளி வைத்தது.

அப்போது தரை அதிர்ந்தது. எருமைக் கூட்டம்! வெயில் ஏறியதும் குளத்தில் ஊறக் கிளம்பியிருந்தன. வழக்கமாகப் போகும் தடத்தில் ஒரு மரம் விழுந்து கிடந்ததால் புல்வெளி வழியாகவே வந்தன. காடை அலறியது.

"அக்கா! என் முட்டைகள்!"

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் பழகியும் தன் கூடு எங்கே இருக்கிறது என்று காடை உடும்பிடம் சொன்னதே இல்லை. சொல்லவில்லை என்பது உடும்புக்கும் தெரியும். அதுவும் கேட்டதில்லை. நட்பு நட்புதான், பயம் பயம்தான்.

"எங்கே?" என்றது உடும்பு.

காடை உடும்பின் நகங்களைப் பார்த்தது. எருமைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. காடையின் சிறகு மட்டையைப் பிடிக்கும், முட்டையைத் தூக்குமா?

"அந்தக் கோரைப் புல்லுக்குள்ள! நீதான் எடுக்கணும் அக்கா!"

"நானா? என் கையிலயா?"

"உன் கையிலதான்! சீக்கிரம்!"

உடும்பு பாய்ந்தது. புல்லை விலக்கியது. புள்ளி போட்ட சின்னச் சின்ன முட்டைகள்! மட்டையில் நகம் பதித்த அதே கை. அந்தக் கையை மெல்ல விரித்து, மூச்சைக் கூட விடாமல், ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பாறை இடுக்கில் கொண்டுபோய் வைத்தது. கடைசி முட்டையை வைத்து முடிக்கவும் எருமைகள் கோரைப் புல்லை மிதித்துத் துவைத்துக்கொண்டு போகவும் சரியாக இருந்தது.

காடை ஓடிவந்து பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதற்குக் கண்ணீர் முட்டியது.

"உன்கிட்ட இத்தனை நாள் கூட்டை மறைச்சேன் அக்கா. மன்னிச்சிடு!"

"விடு கண்ணு. முட்டை இடுறவ வேற எப்படி இருப்பா?"

காடை கண்ணைத் துடைத்துக்கொண்டது. திடீரென்று அதற்கு ஏதோ பொறி தட்டியது. உடும்பின் கையையே உற்றுப் பார்த்தது.

"அக்கா, இப்போ முட்டையை எப்படிப் பிடிச்சே?"

"எப்படின்னா? உடையாம பிடிச்சேன்."

"விழவும் இல்லையே!"

"ஆமா, விழாம, உடையாம."

"அதேதான்! மட்டையையும் அப்படியே பிடி!"

உடும்பு தயங்கியது. "மாஸ்டருங்க இறுக்கிப் பிடின்னாங்களே?"

"அவங்க எப்ப உன் கையைப் பார்த்தாங்க? ஒருத்தர் தன் தோகையைப் பார்த்தார், இன்னொருத்தர் தன் தாவலைப் பார்த்தார்! நீ பிடி அக்கா!"

உடும்பு லேசாகப் பிடித்துத் தட்டியது. பந்து வலையை ஒட்டித் தாண்டி, கிச்சனில் பொத்தென்று விழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அன்று சாயங்காலம் வரை தட்டின, தட்டின, தட்டிக்கொண்டே இருந்தன.

மறுநாள் ஆட்டம். எதிரே மயிலும் குரங்கும்! கொக்கு நடுவர். ஆரம்பத்தில் உடும்புக்குப் பழைய பயம் வந்தது. பிடி இறுகியது. இரண்டு பந்து வெளியே பறந்தது.

"முட்டை, அக்கா, முட்டை!" என்று காடை கத்தியது. வேடிக்கை பார்த்த பறவைகளுக்குப் பகீரென்றது. விஷயம் தெரியாதவர்கள் பாவம், தங்கள் கூட்டைப் பார்க்க ஓடினார்கள்!

உடும்பின் பிடி தளர்ந்தது. பந்து மெதுவானது. குரங்கு ஓங்கி அடித்த பந்தெல்லாம் உடும்பின் மட்டையில் பட்டு, வேகம் செத்து, எதிர்க் கிச்சனில் விழுந்தது. மயில் குனிந்து குனிந்து களைத்துப் போனது. கடைசியில் காடை ஜோடிக்கு வேண்டியது ஒரே ஒரு புள்ளி. உடும்பு மெல்லத் தட்டியது. குரங்குக்குப் பொறுமை போய்விட்டது. கிச்சனுக்குள்ளேயே தாவி, பந்து தரையில் படும் முன்னே ஓங்கி ஒரு அடி!

"தப்பு!" என்றது கொக்கு. "காடை ஜோடிக்கு வெற்றி!"

காடை பறந்துபோய் உடும்பின் முதுகில் உட்கார்ந்துகொண்டது. இனி அந்த ஜோடியை யாரும் பிரிக்க முடியாது.

மயில் மூச்சு வாங்க வந்தது. "உன் பிடியை யார் மாத்தினது? நான் சொல்லித் தரலையே!"

"நீங்க என் கையைப் பார்க்கவே இல்லையே மாஸ்டர்" என்றது உடும்பு. அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னது.

மயில் தன் மட்டையைக் கீழே வைத்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "என் கையையும் யாரும் பார்த்ததில்லை. நானே விழுந்து எழுந்து கத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது என் உடம்பு ஒண்ணுதான். அதையே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

உடும்புக்கு மயில்மேல் இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் கரைந்துவிட்டது.

மறுநாள் காலை ஓர் ஆமை மயிலிடம் வந்தது. "மாஸ்டர், எனக்கும் ஆட்டம் சொல்லித் தருவீங்களா?"

"நெஞ்சை நிமிர்..." என்று ஆரம்பித்த மயில் சட்டென்று நிறுத்தியது. தோகையை மடக்கிக்கொண்டு ஆமைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தது.

"முதல்ல நீ அடிச்சுக் காட்டுப்பா. நான் பார்க்கிறேன்" என்றது.

தன் கையைக் காட்டிக் கற்றுத் தருபவர் பாதி ஆசிரியர்தான். கற்க வந்தவரின் கையைப் பார்த்துக் கற்றுத் தருபவரே முழு ஆசிரியர்.