ராஜாவின் வெந்நீர்

மலையும் பனியுமாய்க் கிடந்த குன்றையூரை அந்தக் காலத்தில் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்கவேண்டும். விடிந்ததும் அவனுக்கு வெந்நீர்க் குளியல் வேண்டும். அண்டாவிலிருந்து ஆவி பறப்பதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

அரண்மனைக் காரியங்களைக் கவனிக்கும் விசாரிப்புக்காரன் பட்டாபி அதற்காகவே அண்டாக்களை மூடாமல் வைத்து, புளியங்கட்டைகளை அடுக்கி எரித்தான். கட்டை போதவில்லை. "சந்தைக்கு வரும் விறகெல்லாம் முதலில் அரண்மனைக்கு" என்று ராஜாவிடம் உத்தரவும் வாங்கிவிட்டான். மந்திரி உடையநம்பிக்கு அது பிடிக்கவில்லை. ராஜாவின் கோபத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

ஒருநாள் நெசவாளர் தெரு வழியே வந்த மந்திரி மரம் பிளக்கும் சத்தம் கேட்டு நின்றார். சடையன் என்ற நெசவாளி தன் தறியைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது!"

"பெண்சாதி பிள்ளை பெத்திருக்கா சாமி. குளிருல வெடவெடன்னு நடுங்குறா. வெந்நீர் ஊத்தணும். ஊர்ல ஒரு சுள்ளி கிடைக்கல." சொல்லிவிட்டு அவன் மறுபடி கோடாலியை ஓங்கினான்.

உடையநம்பி நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, ஒரு கட்டைகூட எரிக்காமல் உங்களுக்கு வெந்நீர் தர முடியும்."

பட்டாபி விழுந்து விழுந்து சிரித்தான். "மந்திரியார் பேசும் பேச்சிலேயே தண்ணீர் கொதித்துவிடும் போலிருக்கிறதே!"

"நாளைக்கே தாரும். இல்லாவிட்டால் மந்திரி முத்திரையைப் பட்டாபியிடம் கொடுத்துவிட்டுப் போம்" என்றான் ராஜா.

உடையநம்பி செப்புக் குடங்களின் வெளிப்புறம் முழுக்கக் கரி பூசச் சொன்னார். தண்ணீர் நிரப்பி, வாயை இறுக மூடி, காற்றுப்படாத மாடி மூலையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் அடுக்கவைத்தார்.

விடிந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு ராஜா மாடிக்கு வந்தான். "எங்கே ஐயா வெந்நீர்?"

"கிழக்கேயிருந்து புறப்பட்டுவிட்டது மகாராஜா. வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்."

ராஜா முணுமுணுத்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். அந்த நேரத்தில் அவன் ஊரைப் பார்த்ததே இல்லை. பனியில் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன.

"என்ன இது, ஒரு வீட்டிலும் புகை காணோம்? இன்றைக்கு எல்லோரும் விரதமா?"

"அந்தப் புகையெல்லாம் நம் குளியலறைக் கூரைவழியே போய்விட்டது, மகாராஜா."

ராஜா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வெயில் ஏறும்வரை புகையில்லாத கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சிவேளை தாண்டியதும் குடத்தைத் திறந்தார்கள். கை விட்ட ராஜா சட்டென்று இழுத்துக்கொண்டான்.

பட்டாபி விடவில்லை. "மழைநாளில் சூரியனை எங்கே போய்த் தேடுவீராம்?"

"அரண்மனைக் களஞ்சியத்துக்குப் பின்னால் மலைபோல உமி கொட்டிக்கிடக்கிறது. உமி அடுப்பு நின்று எரியும். அண்டாவுக்கு ஒரு மூடி போட்டால் பாதி உமியே போதும். ஆவியைப் பார்த்து ரசிக்கத்தான் முடியாது."

ராஜா தலைகுனிந்தான். "பட்டாபி, அரண்மனையில் இருக்கிற விறகையெல்லாம் வீடுவீடாக நீயே சுமந்துபோய்க் கொடு. மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒரு தறிக்கு வேண்டிய தேக்கு, மகாராஜா." தெருவில் பார்த்ததை அப்போதுதான் அவர் சொன்னார்.

அன்றே வண்டியில் தேக்கை ஏற்றிக்கொண்டு போனார். சடையனின் வீடு பூட்டிக்கிடந்தது.

"காலையிலேயே கிளம்பிட்டாங்க சாமி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "தறி இல்லாம இங்க என்ன செய்வான்? கீழ்நாட்டுல கூலி வேலை கிடைக்குமாம். பச்சைப்பிள்ளையைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போனா அவன் பெண்சாதி."

உடையநம்பி பூட்டைப் பார்த்தபடி நின்றார். கரியும் குடமும் வெயிலும் போன மாதமே இருந்தனவே, அப்போதே இரண்டு வார்த்தை பேசியிருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ராஜா மாடியிலேயே காத்திருந்தான். "தேக்கைக் கொடுத்தீரா?"

"போய்விட்டார்கள், மகாராஜா."

"ஆள் அனுப்பித் தேடச் சொல்லும். திரும்பி வருவார்கள் அல்லவா?"

உடையநம்பி கீழ்நாட்டுக்குப் போகும் பாதையைப் பார்த்தார். அதில் ஆள் நடமாட்டமே இல்லை.

குளிக்க எழுந்த ராஜா மறுபடி உட்கார்ந்துவிட்டான். குடங்களில் இருந்த வெந்நீர் அப்படியே ஆறிப்போயிற்று.