எல்லாருக்கும் தெரிந்த பிழை

நெல்லிக்காட்டில் இரண்டு மருத மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி. ஒன்று உலர்குழி, கொட்டையும் தானியமும் வைக்க. மற்றது ஓதக்குழி. மழை வந்தால் சுவரெல்லாம் கசியும், கிழங்குக்கு மட்டும்தான் லாயக்கு. மழைக்காலத் தீனியை விலங்குகள் இங்கேதான் சேர்த்துவைக்கும். பொறுப்பாளர் முள்ளம்பன்றி. மரத்தில் எழுத்துக் கொத்துவது மரங்கொத்தி.

பாவம் மரங்கொத்தி! அதற்கு வேலை ஓய்ந்தபாடில்லை. காட்டு வாசலில் 'நல்வரவு' என்று கொத்தியிருந்த இடத்தில் ஏதாவது ஒரு கோடு தேய்ந்திருக்கும். முள்ளம்பன்றி விடாது.

"யானைங்க வர்ற நேரம்! பார்த்தா என்ன நினைப்பாங்க? திருத்து!"

கொத்திக் கொத்தி மரங்கொத்திக்குக் கழுத்தே விட்டுப்போனது.

ஆனால் பெரிய தப்பு உள்ளே கிடந்தது. யாரோ, எப்போதோ, இரண்டு குழிகளின் பெயரையும் மாற்றிக் கொத்திவிட்டார்கள். உலர்குழிக்கு மேலே ஓதக்குழி என்று இருந்தது, ஓதக்குழிக்கு மேலே உலர்குழி என்று இருந்தது.

"ஐயா, இதை முதல்ல மாத்திடட்டுமா?"

"அட, அது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்புதானேப்பா! இதுவரைக்கும் யாராவது ஏமாந்தாங்களா? போ, வாசலைக் கவனி!"

ஒவ்வொரு கோடையிலும் மரங்கொத்தி கேட்டது. ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். கடைசியில் அதுவும் சலித்துப்போய், எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டது.

அந்த வருஷம் பக்கத்து மலை தீப்பிடித்து எரிந்தது. வயிற்றில் குட்டிகளோடு ஓர் அணில் தப்பி வந்தது. அதற்கு இங்கே யாரையும் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். வெயில்காலம் முழுக்க ஓடி ஓடிக் கொட்டை பொறுக்கியது. 'உலர்குழி' என்று படித்துப் பார்த்து, அதற்குள் மூலையில் பத்திரமாக அடுக்கியது.

"நல்லா உழைக்கிற பொண்ணு!" என்றார்கள் எல்லாரும். எங்கே வைக்கிறாள் என்று ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் பிறந்தன. அணில் போய்ப் பார்த்தால் கொட்டை அத்தனையும் பூஞ்சை! ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு முள்ளம்பன்றியிடம் ஓடியது.

"ஐயா, தின்ன ஒண்ணுமில்லாம எனக்குப் பால் வத்திப்போச்சு. குட்டிங்க கத்துதுங்க!"

"அடடா, அது ஓதக்குழியாச்சே! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எழுதி வச்சிருக்கீங்களே ஐயா. எதுக்குக் கேக்கணும்?"

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படியும் கடைக்குட்டி பிழைக்கவில்லை.

அன்றைக்கே மரங்கொத்தி கொட்டும் மழையில் மரத்தைப் பற்றிக்கொண்டு, பழைய எழுத்தைச் செதுக்கி எடுக்க ஆரம்பித்தது. அதற்கு அழுகை அழுகையாக வந்தது.

கீழே நின்று முள்ளம்பன்றி அண்ணாந்து பார்த்தது. "மழையில ஏம்ப்பா கஷ்டப்படுறே? இப்பதான் அவளுக்கும் தெரிஞ்சுபோச்சே!"

எழுதி வைப்பது தெரியாமல் வருகிறவர்களுக்காகத்தான். அதனால் எல்லாருக்கும் தெரிந்த பிழையைத்தான் முதலில் திருத்த வேண்டும்.