கூண்டுக்கு ஒரு பறவை

எட்வின் துரையின் காப்பித் தோட்ட பங்களாவில் பறவைகளுக்கு இரை போடுகிறவள் சடச்சி. ஒருநாள் துரை தன் செல்ல மைனாவைக் கொஞ்சிவிட்டுக் கூண்டை மூட மறந்துபோனார். மைனா பறந்துவிட்டது. பழி சடச்சி மேல் விழுந்தது.

"சாயங்காலத்துக்குள் மைனா வரவேண்டும். இல்லையென்றால் உனக்கு ஜெயில்!" என்று கத்தினார் துரை.

மரம் மரமாக ஓடினாள். மைனா மலைக்கு அப்பால் போய்விட்டது. அவள் திரும்பியபோது வாசலில் போலீஸ்காரர் நின்றார். உள்ளே ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விருந்து. துரை அவர்களிடம் தமிழிலேயே தன் சொற்புலமையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெயில் என்ற சொல்லே, சின்னக் கூண்டு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். கைதியையும் நாங்கள் ஜெயில் பறவை என்போம்."

அதைக் கேட்டபடி உள்ளே வந்த சடச்சி கும்பிட்டாள். "அப்போ என்னைய இப்பவே ஜெயில்ல போடுங்க தொரை. ஜெயிலு கூண்டுன்னா, உள்ள போன நான் பறவை. நீங்க கேட்டபடி கூண்டுக்குப் பறவை வந்திருச்சு. பெறகு எதுக்குத் தண்டனை? தொறந்து விட்டுரணுமில்ல?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். விருந்துக்கு வந்திருந்த நீதிபதி கேட்டார்: "அதிருக்கட்டும், கூண்டைத் திறந்துவிட்டது யார்?"

சடச்சி துரையைப் பார்த்தாள். "அதச் சொன்னா ஜெயில்ல ரெண்டு பறவை ஆயிருமே, ஐயா!"

துரை அவசர அவசரமாகப் போலீஸ்காரரைத் திருப்பி அனுப்பினார்.